நிரம்பிய கலம் கவிழும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நிறைகுடம் தளும்பாது என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். நன்றாகக் கற்றவர் அடக்கமாக இருப்பார், அரைகுறையாகத் தெரிந்தவரே ஆர்ப்பாட்டம் செய்வார் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆகவே நிறைவு என்பது நம் காதுக்கு நல்ல சொல். ஆனால் சீன மக்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அதைக் கேட்டால் முதலில் நமக்குச் சற்றுக் குழப்பம் வரும். ஏனெனில் அது நிறைவைப் பழிக்கிறது.

ஆறே எழுத்துகள் கொண்ட பழமொழி அது. இங்கே ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல். நிரம்புதல், அழைத்தல், இழப்பு; தாழ்ச்சி, பெறுதல், ஆதாயம். இந்த ஆறு சொற்களையும் வரிசையாக வைத்தால் பழமொழி முடிந்தது. நிரம்பியிருப்பவர் இழப்பைத் தாமே வரவழைத்துக்கொள்வார், தாழ்ந்திருப்பவர் நன்மை பெறுவார் என்பது அதன் பொருள்.

அப்படியானால் நாமும் சீனரும் எதிரெதிராகப் பேசுகிறோமா? இல்லை. முழுப் புட்டி ஓசையிடாது, பாதிப் புட்டிதான் குலுங்கும் என்ற பொருளில் சீனரிடமும் ஒரு சொல்வழக்கு உண்டு. இந்த ஆறெழுத்துப் பழமொழி கண்டிக்கும் நிறைவு, அறிவின் நிறைவு அல்ல. எனக்குள் இனி எதுவும் வரத் தேவையில்லை, எல்லாம் என்னிடமே இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் அது கண்டிக்கிறது. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழில் முதலாவதாக நாம் படித்த அகங்காரம் இதுதான். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி.

தாழ்ச்சி நல்லது என்று சொன்னால் இந்தப் பங்கில் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆகவே இன்று வேறொரு கேள்வியைக் கேட்போம். இந்தப் பழமொழியை யார் யாருக்குச் சொன்னார்கள்? சொன்னவர்கள் அதன்படி என்ன செய்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு சீன வரலாற்றையும், அதோடு பின்னிக் கிடக்கும் நம் திருஅவையின் வரலாற்றையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

படைத்தலைவருக்குச் சொன்ன அறிவுரை

இந்தப் பழமொழி சீனரின் ஐந்து பெருநூல்களுள் ஒன்றான ஆவணங்களின் நூலில் வருகிறது. அங்கே சொல்லப்படும் நிகழ்ச்சி இதுதான். பண்டைய சீனத்தை ஷுன் என்ற அரசர் ஆண்டுவந்தார். அவருக்குக் கீழே யூ என்றொரு பெருமனிதர் இருந்தார். நாட்டை மூழ்கடித்த வெள்ளத்தை வாய்க்கால் வெட்டி வடித்தவர் என்று சீன மரபு இவரைப் போற்றுகிறது. அந்த வேலை நடந்த ஆண்டுகளில் மூன்று முறை தம் வீட்டு வாசலைக் கடந்து போக நேர்ந்தும் அவர் உள்ளே நுழையவில்லையாம்.

மியாவ் என்ற மக்கள் அரசருக்குக் கட்டுப்படாமல் இருந்தார்கள். அவர்களை அடக்க யூ படையோடு அனுப்பப்பட்டார். முப்பது நாள் ஆகியும் அவர்கள் பணியவில்லை. அந்த நேரத்தில் அமைச்சர் ஒருவர் யூவிடம் வந்து இந்த ஆறு சொற்களைச் சொல்கிறார். அதோடு அரசர் ஷுன் இளைஞராக இருந்த காலத்தையும் நினைவூட்டுகிறார். பெற்ற தந்தையே ஷுனை வெறுத்தார். ஷுனோ தந்தையைக் குறைசொல்லாமல், வயலில் நின்று வானத்தை நோக்கி அழுது, குற்றத்தைத் தம் மேலேயே ஏற்றுக்கொண்டார். கடைசியில் அந்தத் தந்தையின் மனமும் இளகியது. அப்படியிருக்க, இந்த மியாவ் மக்களின் மனம் இளகாதா என்பது அமைச்சரின் வாதம்.

யூ என்ன செய்தார் தெரியுமா? அந்த நல்ல சொல்லைத் தலைவணங்கி ஏற்றார். படையைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அரசரும் போரை விட்டு, அரண்மனை முற்றத்தில் கேடயமும் இறகும் ஏந்தி ஆடும் நடனங்களை நடத்தினார். எழுபது நாளில் மியாவ் மக்கள் தாங்களாகவே வந்தார்கள் என்று அந்த நூல் சொல்கிறது.

இந்த அத்தியாயம் பழங்காலத்தில் எழுதப்பட்டதே அல்ல, பிற்காலத்தில் தொகுத்துச் சேர்க்கப்பட்டது என்று யான் ருவோசூ என்ற சீன அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் வாதிட்டு நிறுவினார். இன்றைய அறிஞர்களும் பெரும்பாலும் அதை ஏற்கிறார்கள். ஆகவே நடந்ததை அப்படியே பதிவு செய்த வரலாறாக இதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் இதைப் படித்து வளர்ந்தார்கள் என்பது வரலாறு.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். தாழ்ச்சியாக இரு என்ற அறிவுரை மியாவ் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. முற்றுகையிடப்பட்டவர்களிடம் போய், நீங்கள் தாழ்ந்து போங்கள், உங்களுக்கு நன்மை உண்டாகும் என்று யாரும் பேசவில்லை. வாள் பிடித்திருந்தவருக்குத்தான் அது சொல்லப்பட்டது. கேட்டவர் அதற்கு விளக்கம் எழுதவில்லை, படையைத் திருப்பினார்.

சாயும் கலம்

இதே கருத்து இன்னும் பழைய நூல்களில் வேறு உருவங்களில் இருக்கிறது. மாற்றங்களின் நூல் என்று ஒன்று உண்டு. அதில் அறுபத்து நான்கு குறிகள். அவற்றுள் பதினைந்தாவது குறியின் பெயர் தாழ்ச்சி. மண்ணுக்கு அடியில் மலை இருப்பதுதான் அதன் வடிவம். உயர்ந்து நிற்க வேண்டிய மலை, எல்லாரும் மிதித்து நடக்கும் மண்ணுக்குக் கீழே தன்னை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு குறிக்கும் ஆறு கோடுகள் உண்டு. ஆறு கோடுகளும் நல்லதாகவே அமைந்த ஒரே குறி இதுதான் என்று உரைகாரர்கள் வியந்து சொல்வார்கள்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முன்பு வாழ்ந்த சூன்சி என்ற ஞானியின் நூலில் கன்பூசியஸைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. லூ நாட்டுக் கோவில் ஒன்றுக்குக் கன்பூசியஸ் சீடரோடு போகிறார். அங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஒரு கலம் இருக்கிறது. சீடர்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். பாதியளவு வந்ததும் கலம் நேராக நிமிர்கிறது. விளிம்புவரை நிரம்பியதும் குப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. காலியானதும் மறுபடி சாய்ந்துகொள்கிறது. நிரம்பியும் கவிழாதது உலகில் எங்கே உண்டு என்று கன்பூசியஸ் பெருமூச்சு விடுகிறார்.

சீடர் ஒருவர் விடவில்லை. நிறைவைக் காப்பாற்ற வழியே இல்லையா என்று கேட்கிறார். அறிவு மிகுந்தவர் அறியாதவர்போல் இருந்து அதைக் காக்க வேண்டும். பெருஞ்செயல் செய்தவர் விட்டுக்கொடுத்துக் காக்க வேண்டும். வலிமை மிகுந்தவர் அச்சத்தோடு இருந்து காக்க வேண்டும். செல்வம் மிகுந்தவர் தாழ்ச்சியோடு இருந்து காக்க வேண்டும் என்ற பொருள்பட ஆசான் பதில் சொல்கிறார்.

இங்கும் அதே ஒழுங்குதான். அறிவுள்ளவர், வெற்றி கண்டவர், பலமுள்ளவர், பணமுள்ளவர் ஆகிய நால்வருக்கே மருந்து எழுதப்படுகிறது. கையில் ஒன்றும் இல்லாதவருக்கு அங்கே சீட்டு எழுதப்படவில்லை.

இதைப் படிக்கும்போது பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியது நம் நினைவுக்கு வராமல் போகாது. கடவுளின் தன்மையில் இருந்தவர் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல், தம்மைக் காலியாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கினார் என்கிறார் அவர். சீன ஞானி நிறைவைப் பாதுகாக்க வழி சொன்னார். நம் ஆண்டவரோ நிறைவையே ஊற்றிக் கொடுத்துவிட்டார். இந்த வேறுபாடு பெரிது. ஆனாலும் இறங்க வேண்டியவர் மேலே இருப்பவர்தான் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

பேச்சில் தங்கிப்போன தாழ்ச்சி

காலப்போக்கில் இந்தப் பழமொழி சீன வாழ்க்கையின் எல்லா மூலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பேச்சிலும் கடிதத்திலும் தாழ்ச்சி ஓர் இலக்கணமாகவே ஆனது. மாளிகையில் இருப்பவரும் தம் வீட்டைக் குளிரடிக்கும் குடில் என்று சொல்வார். தம் மகனை நாய்க்குட்டி என்ற பொருளில் குறிப்பிடுவார். தாம் எழுதிய நூலைக் கைத்திறன் இல்லாத கிறுக்கல் என்பார். எதிரே இருப்பவருடையதெல்லாம் உயர்ந்தது, மதிப்புக்குரியது. நம்மிடமும் அடியேன், சிறியேன் என்று எழுதும் வழக்கம் இருந்ததே, அதைப் போலத்தான்.

இதில் அழகு இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. சொல்லில் தாழ்ந்துவிட்டால் செயலில் தாழத் தேவையில்லை என்ற நினைப்பு மெல்ல வந்துவிடும். அந்த ஆபத்தின் எல்லை எதுவரை போகும் என்பதைக் கடந்த நூற்றாண்டில் சீன மக்கள் பெரும் விலை கொடுத்து அறிந்தார்கள்.

1956 செப்டம்பர் 15 அன்று பெய்ஜிங்கில் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் எட்டாவது மாநாடு தொடங்கியது. தொடக்க உரையில் மா சே துங், தாழ்ச்சி மனிதரை முன்னேற்றும், செருக்கு பின்னுக்குத் தள்ளும் என்ற கருத்தைச் சொன்னார். பழைய பழமொழியின் புதிய உடை அது. பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதப்பட்டு, பிள்ளைகளின் வாயில் மனப்பாடமாக ஏறியது.

இரண்டே ஆண்டில், 1958இல், மாபெரும் பாய்ச்சல் என்ற திட்டம் வந்தது. மிகக் குறுகிய காலத்தில் தொழில்வள நாடுகளை எட்டிப் பிடிப்பது என்று முடிவானது. வயலில் விளையவே முடியாத அளவுக்கு விளைந்ததாகக் கீழிருந்து மேலே கணக்குகள் போயின. உண்மையைச் சொன்னவர் பின்தங்கியவர் என்று பழிக்கப்பட்டார். பொய்க் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. உழுதவர் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1959 ஜூலையில் லூஷான் மலையில் தலைவர்கள் கூடியபோது, பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் நிலைமையை விளக்கி மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்காகவே அவர் பதவி இழந்தார். பஞ்சம் 1961 வரை நீண்டது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலவாறாகக் கணக்கிடுகிறார்கள்.

பெங் எழுதிய கடிதத்தையும், யூவிடம் அமைச்சர் சொன்ன சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் சொன்ன வார்த்தைகள். முதலாமவர் தலைவணங்கிப் படையைத் திருப்பினார். இரண்டாமவர் சொன்னவரைத் தண்டித்தார். பழமொழி அப்போதும் பள்ளிச் சுவரில் இருந்துகொண்டுதான் இருந்தது.

அங்கியை மாற்றிய குரு

அடுத்தவர் வீட்டுக் கதை என்று இதை நாம் கேட்டுவிட்டுப் போக முடியாது. சீனத்தில் நம் திருஅவைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதில் தாழ்ச்சியும் உண்டு, நிரம்பி வழிந்ததும் உண்டு.

முதலில் தாழ்ச்சியைப் பார்ப்போம். இத்தாலியின் மச்செராத்தா நகரில் 1552இல் பிறந்தவர் மத்தேயு ரிச்சி. இயேசு சபையில் சேர்ந்து, 1578இல் கோவா வந்து, 1580இல் கொச்சியில் குருவானவர். நம் பக்கத்து மண்ணில்தான் அவர் முதல் திருப்பலி நிறைவேற்றினார் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. 1582இல் மக்காவ் போய்ச் சேர்ந்தார். கணிதம், வானியல், கடிகாரம், வரைபடம் என்று ஐரோப்பாவின் கல்வியெல்லாம் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் முதலில் செய்த வேலை பேசுவது அல்ல, கற்றுக்கொள்வது. சிறுபிள்ளை எழுத்துக் கற்பதுபோலச் சீன எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்றார்.

தொடக்கத்தில் புத்தத் துறவியரைப் போல மொட்டையடித்து அவர்களுடைய அங்கியை அணிந்தார். சீனத்தில் கற்றோர் மதிப்பது கன்பூசியஸ் வழி அறிஞர்களையே என்று சீன நண்பர்கள் சொன்னார்கள். 1595இல் முடியும் தாடியும் வளர்த்து அறிஞரின் உடைக்கு மாறினார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்ததை, பிறர் சொல்லக் கேட்டு மாற்றிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? அதே ஆண்டு சீன மொழியில் நட்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். போதிக்க வந்தவர் முதலில் நண்பராக அறிமுகமானார்.

ஐரோப்பியர் வரைந்த உலகப் படங்களில் சீனம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ரிச்சி தாம் சீனத்தில் வெளியிட்ட படத்தில் அதை நடுப்பக்கமாகக் கொண்டுவந்தார். கண்டங்களின் உருவத்தை அவர் மாற்றவில்லை, உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. பார்ப்பவர் இருக்கும் இடத்திலிருந்து படத்தைத் தொடங்கினார், அவ்வளவுதான்.

மக்காவில் கால்வைத்தது முதல் 1601இல் பெய்ஜிங்கில் தங்க இடம் கிடைக்கும் வரை பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பேரரசர் வான்லியை அவர் ஒருமுறைகூட நேரில் காணவில்லை. 1603இல் திருமுழுக்குப் பெற்ற சூ குவாங்சி என்ற அறிஞரோடு அமர்ந்து யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். அது 1607இல் வெளிவந்தது. 1610 மே 11 அன்று ரிச்சி இறந்தபோது, அயல்நாட்டவரான அவருக்கு அடக்க நிலத்தைப் பேரரசரே வழங்கினார். அந்தக் கல்லறை இன்று பெய்ஜிங்கில் அரசு அலுவலர்களுக்கும் கட்சியினருக்கும் பயிற்சி தரும் கல்லூரி ஒன்றின் வளாகத்துக்குள் இருக்கிறது. 2022 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்பளித்தார்.

கதவுக்கு வெளியே நின்ற தீர்ப்பு

ரிச்சிக்குப் பின் ஒரு கேள்வி எழுந்தது. இறந்த முன்னோரின் பெயர்ப்பலகை முன் சீனர் தலைவணங்குவதும் கன்பூசியஸுக்கு மரியாதை செய்வதும் வழிபாடா, வெறும் மரியாதையா? கிறிஸ்தவரான பின்னும் அவற்றைச் செய்யலாமா? செய்யலாம் என்றார்கள் இயேசு சபையார் பலர். கூடாது என்றார்கள் வேறு சபையார் பலர். கூடாது என்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிலை வழிபாட்டுக்கு அஞ்சிய உண்மையான பக்தர்கள். அரண்மனை அறிஞர்களிடம் ஒரு பொருள் தரும் சடங்கு, கிராமத்தில் வேறு பொருள் தருவதை அவர்கள் நேரில் கண்டிருந்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. குறைந்துபோனது கேட்கும் காது.

1692இல் பேரரசர் காங்சி கிறிஸ்தவ மறைக்கு அனுமதி வழங்கி ஆணை பிறப்பித்திருந்தார். அடுத்த ஆண்டே ஃபூஜியான் பகுதியின் திருத்தந்தைப் பதிலாளாக இருந்த சார்ல் மெக்ரோ தம் எல்லைக்குள் அந்தச் சடங்குகளைத் தடைசெய்தார். 1706இல் பேரரசர் அவரை அழைத்துப் பேசினார். அரியணைக்குப் பின்னால் எழுதியிருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மெக்ரோவால் ஒன்றைத்தான் படிக்க முடிந்தது என்று பதிவுகள் சொல்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் இருந்தவர் அவர். எழுத்துத் தெரியாதவர் எங்கள் நெறிக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று பேரரசர் சினந்தார். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு வீட்டுக்குள் நடப்பதைப் பேசுவதுபோல் இருக்கிறது என்றும் கருதினார்.

1704இலும் 1715இலும் திருத்தந்தை பதினோராம் கிளமெண்ட் அந்தச் சடங்குகளுக்குத் தடை விதித்தார். அந்த ஆணையின் மொழிபெயர்ப்பைப் படித்த காங்சி 1721இல் இனி இந்த மறையைப் போதிக்க வேண்டாம் என்றார். அவர் மகன் 1724இல் கிறிஸ்தவத்தை நாடெங்கும் தடைசெய்தார். 1742இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விவாதத்தையே மூடினார். பிறகு 1939 டிசம்பர் 8 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் காலத்தில், அவை நாட்டு மரியாதையே என்று ஏற்றுத் திருஅவை அனுமதி வழங்கியது. திருஅவையும் தன் படையைத் திருப்பியது. ஆனால் இடையில் 197 ஆண்டுகள் போய்விட்டன. முன்னோருக்கு வணக்கம் செய்யாத பிள்ளை என்ற பழிக்கு அஞ்சித் திருமுழுக்கின் வாசலிலிருந்து திரும்பிப் போனவர்களை யார் எண்ணிச் சொல்ல முடியும்?

புதுச்சேரியில் ஒரு நிறுத்தம்

இந்தக் கதையின் ஓர் இழை நம் மண்ணையும் தொடுகிறது. சீனத்துக்கு அனுப்பப்பட்ட திருத்தந்தையின் தூதர் தூர்னோன், போகும் வழியில் 1703இன் இறுதியில் புதுச்சேரியில் இறங்கினார். மதுரை மறைப்பணித்தளத்தில் இராபர்ட் தெ நோபிலி 1606 முதல் தொடங்கிவைத்த வழிமுறைகளைப் பற்றிய புகார்களையும் அவர் விசாரிக்க வேண்டியிருந்தது. காவியுடுத்தி, தமிழும் வடமொழியும் கற்று, இந்த மண்ணின் துறவியாக வாழ்ந்த நோபிலியை நாம் எல்லாரும் அறிவோம். தூர்னோன் புதுச்சேரியில் இருந்தபடியே விசாரித்து 1704இல் அந்த வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார்.

சீனத்தைப் போல இங்கும் கேட்காத காதின் தீர்ப்பு என்று சொல்லிவிட்டுப் போகத்தான் நமக்கு ஆசை. ஆனால் அந்த ஆணையில் ஒரு பகுதி நம்மை நிறுத்துகிறது. ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் நோயில் கிடந்தால் குரு அவருடைய வீட்டுக்குள் போக வேண்டும், அங்கேயே அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்றது அது. ஏன் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது? அந்த வீடுகளுக்குள் நுழைந்தால் உயர்சாதியார் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்று குருக்கள் தயங்கியதால்தான். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இதை மறுபடி வலியுறுத்தியபோதும், எல்லாக் குருக்களும் எல்லா வீட்டுக்கும் போவது என்று ஆகவில்லை. அந்த மக்களுக்கென்று தனிக் குருக்களை வைப்பது என்ற ஏற்பாடுதான் வந்தது.

இந்த இடம் நமக்கு வலிக்க வேண்டிய இடம். நோபிலியின் தாழ்ச்சி உண்மையானது. ஒரு மொழிக்கு முன், ஒரு பண்பாட்டுக்கு முன் அவர் மாணவராக அமர்ந்தார். அவர் வழிவந்தவர்களும் வெயிலிலும் பசியிலும் தங்களைக் கரைத்துக்கொண்டார்கள். ஆனால் கற்றவர் முன், உயர்ந்தவர் முன் தாழ்வது ஒன்று. குனிந்து நுழைய வேண்டிய குடிசையின் வாசலில் தாழ்வது இன்னொன்று. முதலாவது நடந்தது. இரண்டாவதற்கு மேலிருந்து ஆணை வர வேண்டியிருந்தது. வந்த பின்னும் சுற்றுவழி தேடப்பட்டது.

நம் பங்கில் இந்தப் பழமொழி

அன்பார்ந்தவர்களே, இப்போது அந்த இரண்டு கேள்விகளோடு நம் நடுவில் பார்ப்போம். தாழ்ச்சியாக இரு என்று நம் நடுவில் யார் யாருக்குச் சொல்கிறார்கள்? மாமியார் மருமகளுக்குச் சொல்கிறார். முதலாளி கூலியாளுக்குச் சொல்கிறார். பங்குப் பேரவையில் கணக்குக் கேட்கும் இளைஞருக்குப் பெரியவர்கள் சொல்கிறார்கள். குருக்களாகிய நாமும் கேள்வி கேட்கும் பொதுநிலையினருக்குச் சொல்லத் தயங்குவதில்லை. திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்கும் மக்களுக்கு, பொறுத்துப் போங்கள், தாழ்ச்சிதான் கிறிஸ்தவ புண்ணியம் என்று அறிவுரை போகிறது. சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களுக்கு நடுவிலும் பிரிவு நிற்கிறது. அதைப் பற்றிப் பேசுபவருக்கும் தாழ்ச்சியே மருந்தாகக் கொடுக்கப்படுகிறது.

இது பழமொழியைத் தலைகீழாகப் பிடிப்பது. முற்றுகையிட்டவரை விட்டுவிட்டு, முற்றுகையில் தவிப்பவரிடம் போய்ப் பேசுவது. ஏற்கெனவே மிதிபடுபவரை இன்னும் கீழே போ என்பது தாழ்ச்சி அல்ல, தாழ்த்துதல்.

பெரிய வியாழன் இரவை நினைத்துப் பார்ப்போம். ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்தார், மேலுடையைக் களைந்தார், துண்டைக் கட்டிக்கொண்டார். அந்த அறையில் எல்லாருக்கும் மேலானவர் அவர். குனிந்தவரும் அவரே. தாம் குனிந்து முடித்த பிறகுதான், நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்றார். மரியன்னையும் தம் புகழ்ப்பாடலில், கடவுள் வலியோரை அரியணையிலிருந்து இறக்குவதையும் தாழ்ந்தோரை உயர்த்துவதையும்தான் பாடினார். தாழ்ந்தோரை இன்னும் தாழ்த்தும் கடவுளை விவிலியத்தில் எங்கும் காண முடியாது.

ஆகவே இந்த வாரம் நாம் ஒன்று செய்யலாம். நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைக்கும் ஒருவர், மகனோ மகளோ, வேலையாளோ, அன்பியத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒருவரோ, நம்மைப் பற்றி ஏதாவது குறை சொன்னால், பதில் பேசாமல் முழுவதும் கேட்போம். அவர் சொல்வதில் உண்மை இருந்தால், நாம் முப்பது நாளாக, முப்பது ஆண்டாக, எங்கே படையிறக்கி நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிடுவோம். அது ஒரு வாய்க்கால் வரப்புத் தகராறாக இருக்கலாம். பேரவையில் விட மறுக்கும் பதவியாக இருக்கலாம். நுழைய மறுக்கும் ஒரு தெருவாக இருக்கலாம்.

நாம் திரும்பினால் எதிரே இருப்பவர் எழுபது நாளில் வந்துவிடுவார் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. வராமலும் போகலாம். ஆனால் விளிம்புவரை நிரம்பிய கலத்தில் கடவுளும்கூட ஒரு சொட்டும் ஊற்ற முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

தம்மைக் காலியாக்கி நம்மை நிறைத்த ஆண்டவர், இறங்கி வரும் துணிவை நமக்குத் தருவாராக. ஆமென்.